மறுநாள் முழுக்கு

எங்கள் அத்தை காவிரியில் முழுகுவதற்கென்று தனியாக ஒரு நாள் இருந்தது. நாங்கள் ஒதுக்கிய நாள் இல்லை. மாயவரத்தில் எந்தக் காலத்திலோ ஒதுக்கி வைத்தது. ஐப்பசி கடைசி நாள் கடைமுழுக்கு. அன்று அங்கே துலாக்கட்டப் படித்துறையில் முழுகினால் செய்த பாவமெல்லாம் ஆற்றோடு போய்விடும் என்று ஊரே திரண்டு வரும். கால் முடியாத ஒருவர் வெகுதூரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்வதற்குள் அந்த நாள் முடிந்துவிட்டதாம். அவர் அழுததைப் பார்த்து இறைவன் மனம் இரங்கி, நாளைக்கு முழுகு, அதே புண்ணியம் உனக்கும் உண்டு என்றாராம். அதனால் கார்த்திகை முதல் தேதிக்கு முடவன் முழுக்கு என்று பேர்.

அத்தை அப்பாவின் தங்கை. திருவாரூரில் எங்களோடுதான் இருந்தாள். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒன்றரை வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. தோல்வாரும் இரும்புக் கம்பியும் வைத்த காலிப்பரை மாட்டிக்கொண்டு அவள் வராந்தாவில் நடந்து வரும் சத்தம் கேட்டாலே ஒன்பதாம் வகுப்பு கப்சிப் என்று ஆகிவிடும். விடைத்தாள் திருத்தவே பொழுது போதாத அத்தைக்குப் பாவம் செய்ய எங்கே நேரம்? ஆனாலும் அப்பா வருஷம் தவறாமல் கார்த்திகை முதல் தேதி லீவு போட்டு, அத்தையையும் லீவு போடச் சொல்லி, காரில் மாயவரம் அழைத்துப் போவார். கூட்டம் இருக்காது, படி காலியாக இருக்கும், புண்ணியமும் குறையாது. இதைவிட என்ன வேண்டும் என்பார்.

எனக்கு ஒன்பது வயதானபோது அந்த முழுக்கில் அத்தையை யாரோ படம் எடுத்துப் பேப்பரில் போட்டுவிட்டார்கள். ஈரப் புடவையோடு படியில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் காலிப்பர் கிடக்கிறது. கீழே, முடவன் முழுக்கில் நீராடிய பெண் என்று எழுதியிருந்தது. அப்பா அதை லேமினேட் செய்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். நான் அதைப் பள்ளிக்கு எடுத்துப்போய் வகுப்பு முழுக்கக் காட்டி, மத்தியானத்தில் பக்கத்து வகுப்புக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் பேப்பரில் வந்த ஒரே ஆள் அத்தைதான். அத்தை அதைப் பற்றி எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை. படம் இருந்த பக்கம் பார்க்காமல் டிவி பார்ப்பாள்.

அடுத்த வருஷம் ஐப்பசி பாதியில், தோசை சாப்பிட்டுக்கொண்டே அத்தை சொன்னாள்.

"இந்த வருஷம் நான் கடைமுழுக்கு அன்னைக்கே போறேன்."

வீடு மூன்று நாள் ரெண்டுபட்டது. மழைத் தண்ணீர், வழுக்குப் படி, லட்சம் பேர் என்று அப்பா அடுக்கினார். விழுந்து வைத்தால் யார் பார்ப்பது என்று அம்மா கேட்டாள். அதே புண்ணியம்தானே, ஒரு நாள் தள்ளிக் கிடைத்தால் என்ன என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டதற்கு, அப்படியானால் எல்லாரும் மறுநாளே முழுகலாமே அண்ணா என்றாள் அத்தை. அப்பா கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நான் அப்பா கட்சி. லட்சம் பேர் நடுவில் அத்தை முழுகினால் யார் படம் எடுப்பார்கள்? இந்த வருஷம் கலரில் வரும் என்று வகுப்பில் வேறு சொல்லி வைத்திருந்தேன். அதனால் அத்தையின் மனதை மாற்ற ஆதாரம் தேடிக் கிளம்பினேன்.

முதல் ஆதாரம் பக்கத்து வீட்டில் கிடைத்தது. அங்கே என் தோழிக்கு அவள் அம்மா, தொழுகைக்குச் சுத்தமாவதற்கு முஸ்லிம்கள் குளிக்கும் கடமைக் குளிப்பு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். உடம்பில் ஒரு முடி அளவு இடம்கூட நனையாமல் இருக்கக் கூடாதாம். உடம்பு முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். தண்ணீர் கிடைக்காதவர்களும் தண்ணீர் பட்டால் ஆகாதவர்களும் சுத்தமான மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவிக்கொண்டால் போதும் என்றார். அத்தையிடம் ஓடி வந்து சொன்னேன். அவள் கேள்வித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அது தண்ணி ஆகாதவங்களுக்குடி. எனக்குத் தண்ணி நல்லாவே ஆகும்."

அடுத்த ஆதாரம் ஸ்கூல் வேன் ஓட்டும் அண்ணன். அவருடைய சபையில் ஆட்களை ஆற்றில் இறக்கி, முழுக்க முக்கித்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பக்கவாதம் வந்த அவருடைய அப்பாவுக்கு மட்டும் தலையில் தெளித்தால் போதும் என்று போதகர் சொன்னாராம். இதை நான் அத்தையிடம் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். கணக்கு டீச்சரிடம் பாதி விடை எடுபடுமா?

"சரி, அப்புறம் தெளிச்சாங்களா?"

இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரை பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, நாலு பேர் சேரோடு தூக்கி ஆற்றில் இறக்கினார்கள். அத்தை பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள். அந்தப் பெரியவரை எனக்குப் பிடித்திருக்கிறது என்றாள்.

கடைமுழுக்கு அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா கார் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். காலிப்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே.

துலாக்கட்டத்தில் சாமிகள் கரைக்கு வந்து தீர்த்தவாரி ஆகப்போகும் நேரம். ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. அத்தை படிக்கு மேலே உட்கார்ந்து காலிப்பரைக் கழற்றி என் மடியில் வைத்தாள். கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒழுங்குசெய்துகொண்டிருந்த ஒருவர் ஓடி வந்தார். அக்கறையாகத்தான் சொன்னார்.

"இந்த நெரிசல்ல ஏம்மா கஷ்டப்படுறீங்க? உங்களுக்குன்னு நாளைக்குத் தனி நாளே இருக்கு. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு எனக்கு ஸ்கூல் இருக்குங்க."

அத்தை உட்கார்ந்தபடியே, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினாள். மூன்றாவது படியில் யாரோ கூட்டத்தில் மோத, ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். திரும்பி வந்துவிடுங்கள் அத்தை என்று நான் கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் கை நீட்டினார். அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாளும் வழுக்காமலிருக்க அத்தையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. ஆற்றிலிருந்த எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் தண்ணீருக்குள் போயின. அதில் அத்தையின் தலை எது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்தபோதும் தெரியவில்லை. பயந்துபோய்த் தேடினேன்.

பிறகு, வந்த வழியிலேயே அவள் படியேறி வந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவர் என் மடியிலிருந்த காலிப்பரையும் அத்தையையும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அத்தை கையை நீட்டி ஆற்றைக் காட்டினாள்.

"அவங்க எல்லாரையும் எடுங்க. நானும் அதுல இருந்தேன்."

அவர் போய்விட்டார். என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு கஷ்டப்பட்டு, வகுப்பில் நான் என்ன பதில் சொல்வது?

"போங்கத்தை, இந்த வருஷம் போட்டோவே வராது."

காலிப்பரின் வாரை இழுத்துப் பூட்டிக்கொண்டே அத்தை நிமிர்ந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வராது" என்றாள்.

பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி அப்படி ஒரு சந்தோஷத்தோடு அதைச் சொன்னாள். அத்தைக்கு என் மேல் கொஞ்சம்கூடப் பாசம் இல்லை என்று நினைத்துக்கொண்டு, திருவாரூர் வரும்வரை நான் அவளோடு பேசவில்லை.