க்ளப்பின் சிவப்புத் தரை

அன்று மட்டாஞ்சேரி க்ளப் வராந்தாவில் இருந்தவர்கள் செக்ரட்டரி சார், வாச்மேன் பாப்பச்சன் சேட்டன், கையில் பெருக்குமாறோடு அம்மா, பள்ளிக்கூடம் லீவு என்பதால் கூட வந்த நான்.

இன்று கலூரில் ஒரு கடையில் சிவப்புத் தரையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார்கள். அந்த வாடையில் க்ளப் திரும்ப வந்தது. அம்மா தேய்க்கத் தேய்க்கத் தரை முகம் பார்க்கிற மாதிரி ஆகும், காயல் காற்று உப்போடு வந்து அதை மங்க வைக்கும், மறுநாள் அம்மா முதலிலிருந்து தொடங்குவாள், இப்படியே நான் நாலாம் வகுப்பு வரும்வரை போனது.

க்ளப் உண்டானது ராஜா காலத்துச் சட்டம் ஒன்றால். அந்தச் சட்டத்தை அரசாங்கம் ரத்து செய்துவிட்டது. சார் அன்றுதான் சொன்னார்.

“போன மாசத்தோட க்ளப்பு தீர்ந்நு, செல்வி. இனி வரவேண்டாம் கேட்டோ.”

“எனக்கு யாரும் சொல்லலியே சாரே. தெனமும் வந்து தூத்தேனே.”

“இல்லாத க்ளப்புக்கு எங்ஙனே சம்பளம் தரும்?”

“க்ளப்பு இல்லேன்னா இத்தனை தூசி எங்கேருந்து சாரே வந்தது?”

பாப்பச்சன் சேட்டன் சிரித்தார். சார் பின்கதவுச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சம்பளம் வரவில்லை.

சட்டம் போன பிறகு அம்மா பெருக்கிய நாட்கள் பத்தொன்பது.