எண்ணெய் குடித்த பலகைகள்

கோவளத்தில் இன்று பஸ்ஸுக்கு நின்றபோது, யாரோ படகுக்கு மீனெண்ணெய் பூசும் வாடை வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், நான் மூச்சை நன்றாக இழுத்தேன். சதுரங்கப்பட்டினம் கரையில் அம்மா நடத்திய டீக்கடைக்கு, மணலில் கால்கள் நட்டு அதன்மேல் பழைய படகுப் பலகைகளைப் பரப்பிப் போட்ட தளம் இருந்தது. பலகைகளுக்கு நடுவே விட்ட சந்தில் மணல் அடைத்தால் ஈரம் தங்கி மரம் மக்கிவிடும் என்று, பள்ளி விட்டு வந்ததும் நானும் தங்கையும் குப்புறப் படுத்து ஈர்க்குச்சியால் நோண்டுவோம். ஐப்பசி மழைக்கு முன்னால் அம்மா முட்டி போட்டு, பழந்துணியால் மீனெண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து ஊட்டுவாள், மரம் கறுத்து மினுமினுக்கும் வரை.

“இன்னாக்கா, டீல மீனு வாட அடிக்கிது” என்பார் கடைக்கு டீ குடிக்க வரும் பஸ் டிரைவர்.

“அது மரத்துக்கு ஊத்துனது நைனா. உனுக்கு ஊத்துனத நீ குடி” என்பாள் அம்மா, தலை நிமிராமல்.

ஒரு புயலில் கடல் ஏறி, அடிமணலை அரித்து, தளத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு போனது. கடை இருந்த இடத்தில் இப்போது அலை புரள்கிறது. யாராவது வருத்தமாக விசாரித்தால் அம்மா இன்றும் ஒன்றைத்தான் சொல்வாள்:

“கடலு வாரிக்கினு போச்சு, சரி. அதுல ஒரு பலகையாவது மக்கியிருந்துச்சானு கேளு.”