திட்டுபவர்களுக்கும் ஓர் இடம்

கம்பெனி பஸ்ஸில் சூளகிரியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்வாள். ஒல்லியான பெண். கம்பெனியில் செய்யும் எந்திர பாகங்களைச் சோதிக்கும் வேலை. அந்தப் பழக்கத்தில் டிபன் மூடியைக்கூடப் பிசிறு இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிவிட்டுத்தான் திறப்பாள்.

ஒரு நடிகருக்கு அவள் ரசிகை. அவருடைய தமிழ், கன்னடம், தெலுங்கு ரசிகர்கள் சேர்ந்து ஓர் ஆப்பில் பக்கம் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ரசிகர்களில் சிலர் குறை சொன்னதும் ஆப் நடத்துபவர்கள் அந்தப் பக்கத்தையே மூடிவிட்டார்கள். அவள் எழுதிய கதைகளும் போயின. இனி ரசிகர்களுக்குச் சொந்தமாக ஓர் இணையதளம் கட்டப்போவதாகச் சொன்னாள்.

ஒருநாள் அதன் விதிகளை எழுதிய தாளை நீட்டினாள்.

"படிச்சுப் பாருக்கா."

"உங்காளையே எனக்குப் புடிக்காதே."

"அதனாலதான் தர்றேன். செஞ்சவங்களே செக் பண்ணா தப்பு தெரியாது."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். நடிகரைத் திட்டுபவர்களை நீக்குவோம் என்று ஒரு விதி இருந்தது.

"உங்களையும் இப்படித்தானே தூக்குனாங்க?"

ஓசூர் நெருங்கும்போது பேனாவை எடுத்து அந்த விதியை அடித்தாள்.

"எங்க ரசிகருங்க இதுக்கு என்னைத்தான் பேசுவாங்க. பேசட்டும். நீயும் வந்து திட்டுக்கா."

பிறகு வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். தளம் வந்ததா, தெரியவில்லை. அந்த நடிகரை இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் டிவியில் அவர் வந்தால் சேனலை மாற்றுவதில்லை.