சுவரில் இறங்கிய ஆணி

நாக்கின் வலது ஓரத்தில் வந்த புண்ணைச் சூட்டுப் புண் என்றே நினைத்தேன். ஆறவில்லை. திருநெல்வேலியில் பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தல்) செய்தார்கள். புற்றுநோய்.

“புகையில போடுவியாம்மா?” என்று மருத்துவர் கேட்டார். ஊரிலும் அதையே கேட்டார்கள். என் அம்மா முக்கூடலில் பீடி சுற்றி என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதே ஊரில் கணக்கு ஆசிரியை. வெற்றிலைகூடப் போட்டதில்லை என்றேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. அதன் பிறகு நானும் யாரையும் எளிதில் நம்பவில்லை.

நாக்கின் ஒரு பகுதியோடு, கழுத்தின் வலப்புறத்து நிணநீர் முடிச்சுகளையும் (நோய் முதலில் பரவக்கூடிய சிறு கழலைகள்) எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. பேச்சு பைய வந்துவிட்டது. வலது கைதான் தோளுக்கு மேல் ஏறவில்லை. தோளைத் தூக்கும் நரம்பு அடிபட்டிருக்கிறது, அறுபடவில்லை என்றார்கள். அறுந்ததை மறைக்கிறார்களோ என்று நினைத்தேன்.

கரும்பலகையின் மேல்வரிக்கு எட்டாத கையோடு எப்படிப் பாடம் நடத்துவது? என் வகுப்புக்குத் தற்காலிகமாக வேறொரு பெண் வந்திருந்தாள். “புது டீச்சர் நல்லா நடத்துதாங்க” என்று என்னிடமே வந்து சொன்னார்கள்.

இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சியால் உறுப்புகளை மீட்பவர்) ஏதாவது கருவி வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைக் காட்டினார். விரல்களால் அதில் ஏற வேண்டுமாம்.

“இவ்வளவுதானா?”

“ஏறிப் பாருங்க, அப்புறம் கேளுங்க.”

பாதியில் கண்ணீர் வந்துவிட்டது.

“ஒடம்பச் சாய்க்காதீங்க. சாஞ்சா நீங்க ஏறுதீங்க, கை ஏறல.”

வீட்டுக்கு வந்த அத்தையோ, “வெட்டுன எடத்த ஆட்டாதட்டி, தையல் விட்டுரும்” என்றாள். இருவரில் யார் சொல்வது சரி என்று தெரியாமலே பயிற்சியைத் தொடங்கினேன்.

வீட்டில் தினசரிக் காலண்டர் தொங்கிய ஆணி, என் வகுப்புப் பலகையின் மேல்வரி உயரத்தில் இருந்தது. பயிற்சிக்காக நானே அளந்து பார்த்தது. அந்த ஆணியைத் தொட வேண்டும். தினமும் ஏறினேன், பாதியில் நின்றேன், அழுதேன்.

ஒரு காலையில் விரல் ஆணியில் பட்டது.

மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே முந்தியது. வலி போதவில்லை. பார்த்தேன்: காலண்டரின் அடிப்பகுதி சுவிட்சை மறைத்திருந்தது. முன்பு அப்படி இல்லை. ஆணிக்கு மேலே சுவரை இடது கையால் தடவினேன். ஒரு ஓட்டை; அதில் குளியல் சோப்பு திணிக்கப்பட்டிருந்தது.

“எம்மா, ஆணிய எறக்கினியா?”

பீடி இலை வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. “எந்த ஆணி?”

“சோப்ப வச்சு அடச்சிருக்கியே, அந்த ஓட்டையில இருந்த ஆணி.”

“கணக்கு டீச்சர்னா வீட்டுச் செவத்தையுமா அளப்பா?” என்றவள் கத்தரியைக் கீழே வைத்தாள். “நீ தெனமும் அங்கன நின்னு அழுதா நான் எதப் பாத்துட்டு இருக்க? ஒன் கை ஏறமாட்டேங்கு. செவராவது எறங்கட்டும்னு நெனச்சேன்.”

“பள்ளிக்கூடத்துப் பலகையையும் போய் எறக்குவியா?”

“விட்டா எறக்குவேன்ட்டி.”

எனக்குக் கோபம் தீரவில்லை. ஆணியைப் பழைய இடத்திலேயே அடிக்கச் சொன்னேன். அடித்தாள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் மருத்துவர் சொல்லும் பயிற்சியைச் செய்யுங்கள். “தேறிட்டே” என்று யாராவது சொன்னால், கண்ணாடி முன் நின்று உடம்பு சாய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் தோள் ஏறுகிறதா என்று அன்றன்றைக்கு எனக்குத் தெரிவதே இல்லை.

பள்ளி திறந்ததும் வேலைக்குத் திரும்பினேன். பலகையின் மேல்வரி வெறுமையாகவே இருக்கிறது. தேதியை அதற்குக் கீழே எழுதுகிறேன். “மேல எழுத மாட்டீங்களா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். “இன்னும் எழுதல” என்றேன்.

ஆணி இன்னும் எட்டவில்லை. காலண்டரின் தாள் எட்டுகிறது. முன்பெல்லாம் நாள் தானாகப் போகும். இப்போது ஒவ்வொரு நாளையும் வலது கையால் ஏறிப் போய்க் கிழிக்கிறேன். கிழிக்கும் முன், அம்மா பார்க்காத நேரத்தில், ஆணிக்கு மேலே சுவரைத் தடவிக்கொள்கிறேன், இடது கையால்.