இரண்டாவதாக வந்தவளின் சாட்சி

என் மனைவி டெல்சி பொறாமைக்காரி. இதை அவள் முதுகுக்குப் பின்னால் எழுதவில்லை. அவளே வாசித்துப் பார்த்து, "உள்ளதத்தானே எழுதியிருக்கீங்க, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பொறாமைக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டில் தரைக்கு டைல்ஸ் பதித்தால் நமக்கு ஒரு வாரம் சோறு இறங்காது, பிறகு மறந்துவிடுவோம். டெல்சி அந்த ரகமில்லை. அவளுக்கு ஒரே ஒருத்தி மேல்தான் பொறாமை, அதுவும் பதினான்கு வருஷமாக. அந்த ஒருத்தி பூரணி.

பூரணி எங்கள் தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற சோலைமலை அண்ணனின் மகள். ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் நாட்டுக்கே முதலாவது. வெளிநாட்டில் பதக்கம் வாங்கி வந்த வருஷம், கொட்டகலைக் கடைத்தெருவில் ஒரு மாடி உயரத்துக்கு அவள் படம் நின்றது. நான் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் எல்லோரும் ஒட்டினார்களே என்று நானும் பின்கண்ணாடியில் அவள் படத்தை ஒட்டினேன். டெல்சி ஏறி உட்கார்ந்தால் படம் அவள் தலைக்குப் பின்னால் வரும். "அவ என் பிடரியையே பாத்துக்கிட்டு வர்றா. எடுங்க அத" என்பாள். நான் எடுக்கவில்லை. அது என் பிடிவாதம்.

இரண்டு பேரும் ஒரே வகுப்பு. மாகாணப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், இரண்டு பேருக்கும் வெறுங்கால். கடைசி வளைவு வரை டெல்சிதான் முன்னால். அதற்குப் பிறகு பூரணி இரண்டு எட்டு முந்திவிட்டாள். முதலாவதாக வந்தவளைக் கொழும்புக்கு அழைத்துப் போய் விடுதியில் சேர்த்து, சப்பாத்து வாங்கிக் கொடுத்து ஓட வைத்தார்கள். இரண்டாவதாக வந்தவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், அதிலும் பெயரைப் பிழையாக எழுதி. "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்" என்பது டெல்சி கட்சி. நான் பெண் பார்க்கப் போனபோது தேத்தண்ணியை நீட்டிவிட்டு அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியமே அதுதான்.

டெல்சி தோட்டத்து டிஸ்பென்சரியில் உதவியாளராகச் சேர்ந்தாள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மாத்திரை எண்ணிக் கடதாசியில் மடித்துக் கொடுக்கிற வேலை. மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் அவளை "டெல்சி மிஸ்" என்று கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு மாத்திரையின் பெயர் தெரியாது, நிறம்தான் தெரியும். காய்ச்சலுக்குப் பெரிய வெள்ளை, கைகால் உளைச்சலுக்கு மஞ்சள், மூச்சு இழுப்புக்குச் சின்ன வெள்ளை. ஐந்து நாளைக்குக் கொடுத்தால் இரண்டு நாள் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, அடுத்த வீட்டுக்கு வியாதி வரும்போது கொடுப்பார்கள். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

போன சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் செய்தி வந்தது. பூரணியின் சிறுநீரில் ஊக்கமருந்து. பதக்கம் பறிப்பு, இடைக்காலத் தடை, விசாரணை முடிந்தால் நாலு வருஷம் ஓட முடியாது என்று போட்டிருந்தார்கள். இருபத்தொன்பது வயதுக்காரிக்கு நாலு வருஷம் என்றால் கதை முடிந்தது.

சாயங்காலத்துக்குள் கடைத்தெருப் படம் கீழே வந்துவிட்டது. மாலை போட்டுக் கூடவே நின்று படம் பிடித்த அரசியல்வாதி, தனக்கு அந்தப் பிள்ளையை நேரில் தெரியாது என்றார். பேஸ்புக்கில் சிங்களத்திலும் தமிழிலும் ஒன்றுபோலத் திட்டினார்கள். நாடு இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. ஸ்டாண்டில் செல்லசாமி ஒரு பழைய பிளேடால் தன் ஆட்டோவில் இருந்த படத்தைச் சுரண்டிக்கொண்டே, "எனக்கு அப்பவே தெரியும் கஸ்பர். தோட்டத்துச் சோத்தத் தின்னுட்டு எவளாவது அப்படி ஓடுவாளா?" என்றான். அவளுடைய வெற்றிக்கு வெடி கொளுத்திக் கைவிரலைச் சுட்டுக்கொண்டவனும் இதே செல்லசாமிதான். நான் அந்தப் பிளேடைக் கேட்டு வாங்கினேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சுரண்டினேன்.

வீட்டுக்குப் போனால் கோழி கொதிக்கிறது. செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் கோழி சமைத்ததே இல்லை. டெல்சி குளித்து, தலைக்குப் பூ வைத்திருந்தாள்.

"கேள்விப்பட்டீங்களா?"

"ம்."

"பாவம்" என்றாள். அந்தப் பாவம் வாயிலிருந்துதான் வந்தது, முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மூன்று நாள் அப்படியே இருந்தாள். பாட்டுப் பாடினாள். என் சட்டையை மடித்து வைத்தாள். சொல்ல வெட்கம்தான், எனக்கும் அந்த மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குள் ஊரே டெல்சி பக்கம் திரும்பிவிட்டது. கோயிலில் பூசை முடிந்ததும் ஐவி டீச்சர் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் படித்த பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிக்குப் பூரணியைத்தான் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அந்த இடம் காலி.

"நீங்கதான் வரணும் டெல்சி. நேர்மையா ஓடுனவங்க நீங்கதானே. அன்னைக்கு முதலாவது வந்திருக்க வேண்டியதும் நீங்கதான்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

பதினான்கு வருஷம் காத்திருந்த வார்த்தை. விழாப் பந்தம் ஏற்றுகிற கை டெல்சியுடையது, ஒலிபெருக்கியில் அவள் பெயர், பிழையில்லாமல். அன்றே ஹட்டனுக்குப் போய் நீலச் சேலை எடுத்தோம்.

மறுநாள் பூரணி பேசிய வீடியோ வந்தது. முகம் வீங்கியிருந்தது. "நான் ஊசி போடல. தேர் பாக்க வீட்டுக்கு வந்தப்ப குளிருக்கு இழுப்பு வந்துச்சு. ரெண்டு நாள் மாத்திர போட்டேன். அது என்ன மாத்திரன்னு எனக்குத் தெரியாது" என்றாள். கீழே ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள். இழுப்பு வந்தவள் எப்படி ஓடினாள் என்று கேட்டிருந்தார்கள். மாத்திரையை யார் கொடுத்தது என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

டெல்சி போனை என்னிடம் தரவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும். பிறகு அடுப்படியில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாங்க குடுத்தேன்."

தேர் அன்று ஞாயிறு. மருந்து எழுதிக் கொடுக்கிற டிஸ்பென்சரி ஐயா ஊரில் இல்லை, சாவி டெல்சியிடம். பூரணி மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறாள். டெல்சி டிஸ்பென்சரியைத் திறந்து, சின்ன வெள்ளையில் பத்து எண்ணி மடித்துக் கொடுத்திருக்கிறாள். புத்தகத்தில் எழுதவில்லை. அந்தப் புதன்கிழமை பூரணிக்கு ஓட்டம், சிறுநீர் எடுத்துச் சோதித்ததும் அங்கேதான்.

"ஓடுற ஆளுக்கு அது ஆகாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது. பேரைக்கூடக் கேக்காம வாங்கிட்டுப் போனா. நானும் சொல்லல. எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க. அவ்வளவு பெரிய ஆளு, என் வாசல்ல கைய நீட்டிக்கிட்டு நின்னா. அந்தப் பெருமையில வேற எதுவும் யோசிக்கல" என்றாள்.

அவள் நிலைமை எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விசாரணை வியாழக்கிழமை, கொழும்பில். மாத்திரை எங்கிருந்து வந்தது என்று யாராவது சாட்சி சொன்னால் தண்டனை குறையலாம். ஆனால் ஐயா இல்லாத நேரம் மருந்து எடுத்துக் கொடுத்தவளுக்கு வேலை நிலைக்காது. வேலையைக்கூட விடலாம். பூரணியின் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்புகிறவள் டெல்சி என்று தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். அவள் கையால் கொடுத்த மாத்திரை என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? வேண்டுமென்றே கொடுத்தாள் என்றுதான் சொல்லும். செல்லசாமி அதையும் தனக்கு அப்பவே தெரியும் என்பான்.

"பேசாம இரு" என்றேன். "அவளே உன் பேரச் சொல்லல. நீ எதுக்கு வலிய போய்த் தலையக் குடுக்குற?"

சரியென்று தலையாட்டினாள். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை விழாவுக்கு என்று எடுத்த சேலையை மடித்தபடியே வைத்திருந்தாள். புதன்கிழமை காலை டிஸ்பென்சரிக்குப் போகாமல், "கீழ் லயத்துக்குப் போவோம் வாங்க" என்றாள்.

சோலைமலை அண்ணன் கதவைப் பாதி திறந்து யாரென்று பார்த்துத்தான் உள்ளே விட்டார். ஜன்னல்களை அடைத்திருந்தார்கள், முந்தின நாள் யாரோ கல்லெறிந்திருக்கிறார்கள். பூரணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஓடாமல் ஒரு வாரத்தில் ஆளே தளர்ந்திருந்தாள்.

டெல்சி நின்றபடியே சொன்னாள். "அந்த மாத்திர நான் குடுத்தது. நாளைக்கு வந்து சொல்லலாமான்னு யோசிக்கிறேன்."

"யோசிக்காத டெல்சி. நான் விசாரணைக்கு எழுதிக் குடுத்திட்டேன். கடையில நானே வாங்குனதுன்னு."

"எதுக்கு?"

"எனக்குப் போனது போயிருச்சு. உன் வேலையும் எதுக்குப் போகணும்? இழுப்புல செத்துப் போயிருவேன்னு நெனச்சேன், அன்னைக்குக் கதவத் தெறந்தது நீதானே." இவ்வளவையும் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "அப்பா, ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊத்துங்க" என்றாள்.

டெல்சி தேத்தண்ணி குடிக்கவில்லை. ஆட்டோவுக்கு விறுவிறுவென்று நடந்தாள். ஏறி உட்கார்ந்ததும் ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள், கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் கேட்காத குரல்.

"பாத்தீங்களா அவள! எனக்குப் பிச்ச போடுறா! பதக்கமும் அவளுக்கு, படமும் அவளுக்கு, கடைசியில நல்ல மனசும் அவளுக்கா? நான் வாழ்நாள் பூரா அவ குடுத்த வேலையில இருந்துக்கிட்டு மாத்திர மடிக்கணுமா? விடமாட்டேன். இத மட்டும் அவளுக்கு விட மாட்டேங்க."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அழுகிறாளா திட்டுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ஹட்டனுக்கு விடுங்க. நாளைக்கு வெள்ளனயே போற பஸ்ஸுக்கு சீட்டுப் போடுவோம்" என்றாள்.

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அந்தக் கொழும்பு அறையில் விசாரிக்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பூரணி ஒரு மூலையில், எங்களைப் பார்த்ததும் எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். மொழிபெயர்க்க ஆள் வரவில்லை என்றார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், நானே நின்றேன். டெல்சி ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள், சாவியைச் சொன்னாள், எழுதாத புத்தகத்தைச் சொன்னாள். மேசையில் வைக்க அந்த மாத்திரைப் போத்தலின் படத்தையும் போனில் எடுத்து வந்திருந்தாள்.

நடுவில் இருந்தவர், வயதானவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "நீங்கள் இவருடைய சிநேகிதியா? சிநேகிதிக்காகச் சொல்கிறீர்களா?"

நான் அதை டெல்சியிடம் தமிழில் கேட்டேன்.

"இல்லைன்னு சொல்லுங்க. எனக்கு அவளப் பிடிக்காது. சின்ன வயசிலருந்து பிடிக்காது. அவளுக்காகப் பொய் சொல்ற கடைசி ஆளு நான்தான்னு சொல்லுங்க."

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால், தெரிந்தே கொடுத்தீர்களா?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை அவளிடம் திருப்பிச் சொல்ல என் நாக்கு எழவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். பூரணி பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு நேரே அந்தப் பெரியவரைப் பார்த்துப் பேசினாள், அவருக்குத் தமிழ் புரியும் என்பது மாதிரி.

"தெரிஞ்சு குடுத்திருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன் ஐயா. வீட்ல இருந்து சந்தோஷப்பட்டிருப்பேன். தெரியாமத்தான் குடுத்தேன். ஆனா அவ விழுந்தான்னு கேட்டு மூணு நாள் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிக்கோங்க."

கடைசி வரியை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். டெல்சி என் கையை இடித்தாள். நான் அப்படியே சிங்களத்தில் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார்.