எட்டு மணிக்குச் சாத்தும் ஜன்னல்

காலை எட்டு மணி ஆனால் ஆம்பூரில் எங்கள் தெரு முழுவதும் ஜன்னல்களைச் சாத்திக்கொள்கிறது. பதினாறு வீடுகளில் முப்பத்தொரு ஜன்னல்கள். முப்பதும் அடுத்தடுத்து மூடப்படும்; திறந்து கிடந்த ஒன்று எங்கள் அறையுடையது. தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வரும் வாடைக்குப் பயந்துதான் சாத்துகிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன். பிறந்தது முதல் சுவாசிக்கிற வாடைக்கே மூக்கைப் பொத்துகிறார்களே என்று மனைவி ராசம்மாவிடம் ஏளனமாகவும் சொன்னேன். ஒன்றரை மாதம் நாங்கள் இருவரும் வெந்தது அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான்.

நாங்கள் விட்டு வந்த இலங்கை மலைநாட்டில், அட்டனில் இருக்கும் நண்பர்கள், வெயிலை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள். ஜன்னலில் பதிக்கும் குளிர்சாதன இயந்திரம் வாங்கக் கூடாதா என்று ஒருவர் யோசனையும் சொல்லியிருக்கிறார். நான் இங்கிலீஷ் கடிதம் எழுதிக் கொடுக்கும் தோல் கம்பெனியில் அப்படி ஒன்று இருக்கிறது, வெளிநாட்டு வியாபாரிகள் வந்து உட்காரும் அறையில். நான் குடியிருப்பதோ பத்தடிக்கு எட்டடி வாடகை அறை. வீட்டுக்காரர் தந்திருக்கும் மின்சாரம் ஒரே ஒரு பல்புக்கு. மேஜை விசிறி வைக்கலாமா என்று கேட்டதற்கே, ஒயர் தாங்காது என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

தேயிலைத் தொழிற்சாலையில் நாற்பது வருடம் இருந்தவன் நான். கொழுந்து வாட்டும் மாடியில் பகலெல்லாம் ஜன்னல்களைத் திறந்து காற்று விடுவோம். மாலையில் பனி இறங்குமுன் ஒன்று விடாமல் சாத்துவோம். வீட்டிலும் அதே ஒழுங்குதான். அதைப் பிசகாமல் இங்கேயும் கடைப்பிடித்தேன். அங்கிருந்து கொண்டுவந்த வெப்பமானியை மணிக்கொரு தரம் பார்த்துக் குறித்தேன்: பகல் இரண்டு மணிக்கு நூற்றிரண்டு டிகிரி. ராசம்மாவுக்கு நெஞ்சு படபடப்பு. வேலூரில் பார்த்த டாக்டர், அறை குளிராவிட்டால் இந்த அம்மாளைக் கோடையில் இங்கே வைத்திருக்காதீர்கள் என்றார். அட்டனில் மகள் வீடு இருக்கிறது. ராசம்மாவின் பாஸ்போர்ட்டில் இலங்கைக்குத் திரும்ப இன்னும் நாற்பது நாள் அனுமதியும் இருந்தது. அங்கே தங்க எனக்கிருந்த அனுமதி முடிந்துபோனதால்தான் இருவரும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினோம். அவள் போனால் திரும்பி வருவாள் என்று சொல்வதற்கில்லை. நான் பின்னால் போகவும் வழியில்லை. அவள் பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

பக்கத்து அறையில் முனிரத்தினம் என்று ஒருவன். தோல் ஷாப்பில் உலர்த்தும் கொட்டகையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னிடம் மனு எழுதிக்கொள்ள வந்தவன், வாசலிலேயே நின்று அறையைப் பார்த்தான்.

“இன்னா பெரியவரே, பகலெல்லாம் தொறந்து வச்சிக்கினு அனல வா வான்னு கூப்புட்றீங்க. பொழுது சாஞ்சி காத்து வந்தா மூஞ்சில அடிக்கிற மாதிரி சாத்திக்கிறீங்க. காத்துகிட்ட இன்னா சண்ட?”

பனிக்காகச் சாத்துகிறேன் என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் அவன் மனைவி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். சித்திரை மாதம் ஆம்பூரில் பனிக்குப் பயந்த மனுஷன் என்று தெருக்கோடி வரை என் பெயர் பரவிற்று.

“காய வைக்கிற தோலுக்குத்தான் பெரியவரே அப்பிடிக் காத்து உடுவாங்க. இந்த அம்மாவ எதுக்குக் காய வைக்கிறீங்க?” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் முதல் எட்டு மணிக்குச் சாத்தினேன், சூரியன் மறைந்ததும் திறந்தேன். ஓட்டின் மேல் இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தேன். ஜன்னலுக்கு வெளியே நனைத்த கோணியைத் தொங்கவிட்டேன். முனிரத்தினம் கொடுத்த கோணி உப்பிட்ட பச்சைத்தோல் கட்டி வந்தது; ஏழு தண்ணீரில் அலசியும் வாடை போகவில்லை, ஈதான் வந்தது. வேறு வாங்கினேன். ஐந்தாம் நாள் பகல் இரண்டு மணிக்குத் தொண்ணூற்றொன்று. பதினொரு டிகிரி குறைவு. படபடப்பும் அடங்கியிருந்தது. வெப்பமானியை ராசம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

“அங்கயாச்சும் ராத்திரிதான் மூடிக் கெடந்தோம். இங்க பகலையே மூடிட்டீங்க. இந்த இருட்டுல நான் யாரு மொகத்தப் பாக்கிறது?”

“என் முகம் இல்லையா?”

“அத நாப்பத்தோரு வருசமா பாத்தாச்சுங்க.”

வெப்பமானியைச் சுவரில் மாட்டினேன். அவள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். துணிகளை வெளியே எடுக்கவில்லை. மத்தியானத்தில் ஜன்னலின் ஒரு கதவை மட்டும் நான்கு விரற்கடை திறந்து அதனருகே உட்காரத் தொடங்கினாள். வெளியே சுவரோர நிழலில் முனிரத்தினத்தின் மனைவி வந்து உட்காருவாள். அந்த நான்கு விரற்கடைக்கு இரண்டு டிகிரி ஏறுகிறது என்று மூன்று நாள் கணக்குக் காட்டினேன். யாரும் கேட்கவில்லை.

நேற்று அவளுடைய அனுமதிக்குக் கடைசி நாள். போகிறேன் என்றோ இருக்கிறேன் என்றோ ஒரு வார்த்தை சொல்வாள் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். மத்தியானம் அவள் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்திருந்தாள். முதுகு அறையின் குளிர்ச்சியில் இருந்தது, முகம் தெருவின் அனலில். இங்கத்து முருங்கைக்கீரை ஏன் இப்படிக் கசக்கிறது என்று வெளியே இருந்தவளிடம் சண்டைக்காரிபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சாத்து, அனல் வருகிறது” என்றேன்.

“வரட்டும்” என்றாள், திரும்பாமலேயே.