மகேஸ்வரிக்கும் ஒரு எக்ஸிட்

போன வாரம் லண்டனிலிருந்து ஒரு மெயில். ஆண்டறிக்கையில் போட மகேஸ்வரியின் புதுப் போட்டோ வேண்டுமாம். கையில் பால் கேன் இருந்தால் நல்லது. பின்னால் மாடு நின்றால் இன்னும் நல்லது.

போட்டோ கிடைக்காது என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டார்கள்.

ஏனா? அதை மெயிலில் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்களாவது புரிந்துகொள்வீர்கள்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். "பத்தி எழுதாத நாளில் என்ன செய்கிறீர்கள் மேடம்?" என்று பல பேர் கேட்டாயிற்று. ஒரு வரியில் சொல்ல எனக்கே வராது. பள்ளிவாசல் என்ற தேயிலை எஸ்டேட்டில் இருக்கும் என் அம்மா, "மக பேங்க்ல இருக்கா" என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பேங்க் இல்லை. வெளிநாட்டில் தேவைக்கு மேல் பணம் வைத்திருப்பவர்களிடம் வாங்கி, நம் பக்கத்தில் சின்ன கம்பெனி நடத்துகிறவர்களிடம் பங்காகப் போடுகிறேன். கம்பெனி லாபம் தர வேண்டும். கூடவே ஏழைபாழைகளுக்கு நல்லதும் நடக்க வேண்டும். இதற்குப் பெயர் இம்பாக்ட் இன்வெஸ்டிங். பெயரைக் கேட்டால் லாரி மோதின மாதிரி இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

கோயம்புத்தூரில் பேங்க் வேலை பார்த்தேன். உட்கார முடியவில்லை, விட்டேன். நைரோபி போனேன். பிறகு டாக்கா. அங்கேயும் கால் நிற்கவில்லை. கடைசியில் சொந்தமாக ஒரு ஃபண்டு ஆரம்பித்தேன். ஆபீஸ் பாலக்காட்டில் இருக்கிறது. நான் இருப்பது பெரும்பாலும் காரில்.

எங்கள் தொழிலில் இந்த ஊர்களுக்கெல்லாம் 'எமர்ஜிங் மார்க்கெட்' என்று பெயர். வந்துகொண்டே இருக்கிற ஊர்கள். நான் பிறந்ததிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறோம்... எங்கே நிற்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு வார்த்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸிட். பணம் போட்டவர் ஒருநாள் தன் பங்கை விற்றுவிட்டு வெளியே போக வேண்டும். போடுகிற அன்றைக்கே எப்போது போவது என்று எழுதிக்கொண்டுதான் போடுவோம். கல்யாணத்தன்றே பிரிகிற தேதியைக் குறித்துக்கொள்கிற மாதிரி. எங்களுக்கு இதில் வெட்கமே கிடையாது.

சரி, மகேஸ்வரி.

பாலக்காடு ஜில்லாவில், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கிராமம். பேச்சு, சாப்பாடு, கோபம் எல்லாமே கோயம்புத்தூர் வாசனை. அங்கே மகேஸ்வரி ஒரு பால் குளிரூட்டும் நிலையம் நடத்தினாள். ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் பெண்கள் காலையிலும் சாயங்காலமும் பால் ஊற்றுவார்கள். சாயங்காலப் பால்தான் முக்கியம். முன்பெல்லாம் அதை வாங்க ஆளில்லை. டீக்கடைக்காரன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள். மகேஸ்வரி கூரையில் சோலார் போட்டு, கூலர் வைத்து, அந்தப் பாலைக் கெடாமல் காப்பாற்றினாள். என் ஃபண்டு அதில் பணம் போட்டது. கம்பெனி நன்றாக ஓடியது.

அதைவிட நன்றாக ஓடியது அவள் கதை.

எங்களுக்குப் பணம் தருகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து பார்ப்பார்கள். வந்தால் ஒரே வரிசைதான். இளநீர். பிளாஸ்டிக் நாற்காலி. பிறகு மகேஸ்வரியின் கதை. லாரி ஓட்டின புருஷன் செத்துப்போனது, கையில் ஒரே ஒரு சினை மாடு, அந்த மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது, அடுத்த நாளே கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. அவள் தமிழில் சொல்வாள், நான் இங்கிலீஷில் சொல்வேன். மாட்டுக் கழுத்து வரும்போது வந்தவர்கள் கண் கலங்குவார்கள். போட்டோ எடுப்பார்கள். கிளம்புவார்கள்.

போன வருஷம் எங்கள் எக்ஸிட் காலம் வந்தது. ஒரு பெரிய பால் கம்பெனி வாங்க வந்தது. மொத்தமாக, மகேஸ்வரியின் பங்கையும் சேர்த்து. ஒரே ஒரு நிபந்தனை. விற்ற பிறகும் மகேஸ்வரி ஐந்து வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். வேறு எந்தத் தொழிலும் செய்யக் கூடாது. எங்கள் தொழிலில் இது சாதாரணம். நிறுவனரைக் கட்டி வைத்துத்தான் வாங்குவார்கள்.

விற்பதற்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று லண்டனிலிருந்து கிளேர் என்ற பெண்மணி வந்தார். எங்கள் ஃபண்டில் பெரும்பங்கு போட்டவர்களின் ஆள். கோயம்புத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். வாளையார் எல்லையில், வரிசையில் நின்ற லாரிகளுக்கு நடுவே கார் நகரவே இல்லை. எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. மகேஸ்வரி விற்கச் சம்மதிக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். உயிரைக் கொடுத்து வளர்த்த கம்பெனி. அவளுக்காக இந்தம்மாவிடம் சண்டை போட வேண்டும். லாரிப் புகையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரியாக ஒத்திகை பார்த்தேன்.

போய்ச் சேர்ந்தோம். இளநீர் வந்தது. நாற்காலி வந்தது.

"எங்கூட்டுக்காரரு போனப்ப எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு மாடுங்க" என்றாள் மகேஸ்வரி. இங்கிலீஷில் சொன்னேன்.

"அதுவும் செனையா இருந்துச்சுங்க." சொன்னேன்.

அடுத்து அவள் என்னவோ சொன்னாள். நானும் சொன்னேன். எத்தனையோ தடவை சொன்னதுதானே? மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்றேன். கிளேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகேஸ்வரி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இந்தம்மா எதுக்குங்க அழுவறாங்க?"

"மாட்டக் கட்டிக்கிட்டு அழுதேன்னு சொன்னேல்லா?"

"நான் எங்கீங்க சொன்னேன்? இந்த வேலைக்கு வர்றதுக்கு முந்தி இந்தம்மா என்ன பண்ணீட்டிருந்தாங்கன்னு கேட்டனுங்க. நீங்க கேக்கவே இல்லீங்களா?"

பால் ஊற்ற வந்து நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். "அக்காளுக்கு மனப்பாடமாயிருச்சு. இனி நீ வராட்டிக் கூடப் பரவால்ல மகேசு!" என்று ஒருத்தி கத்தினாள். சிரிப்பு ஓயவில்லை. எனக்கு முகம் சுட்டது. கிளேரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் திகைத்தார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதிலும் சொன்னார். லிப்ஸ்டிக் கம்பெனியில் இருந்தாராம். பிறகு ஒரு ஹோட்டல். பிறகு பேங்க். ஒவ்வொன்றும் சலித்துப்போனது, விட்டுவிட்டேன் என்றார்.

இதை ஒழுங்காகத் தமிழில் சொன்னேன்.

மகேஸ்வரி தலையை ஆட்டிக் கேட்டாள். "அப்பிடீங்களா. போர் அடிச்சா உட்டுட்டுப் போயிரலாமுங்களா?"

போகலாம் என்றார் கிளேர்.

"எனக்கும் போர் அடிக்குதுங்க."

இதை நான் இங்கிலீஷில் சொல்லவில்லை. அவளைக் கையைப் பிடித்துக் கூலர் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். எனக்குக் கோபம் வந்தால் பள்ளிவாசல் எஸ்டேட் பேச்சுதான் வரும்.

"என்ன புள்ள பேசுத நீ? போர் அடிக்குதாம்ல!"

"ஆமாங்க்கா. கம்பெனிய வித்துப்போடலாமுங்க. ஆனா நான் கூட இருக்க மாட்டனுங்க."

"நீ போயிட்டா வெளிய நிக்காளுவளே, அவங்க கதி?"

"பால் ஊத்துவாங்க. மாடு கறக்கற வரைக்கும் ஊத்தத்தானுங்க செய்வாங்க? வாங்கறதுக்கு நானே நிக்கோணுமுங்களா? ரொம்ப நாளா ராதாமணிதானுங்க எல்லாம் பாக்கறா. போட்டோவுல மட்டுந்தான் நானு."

ராதாமணி என்பவள் பாலைச் சோதிக்கிற பெண். கூலரின் அந்தப் பக்கம் நின்று, காதில் விழாத மாதிரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சரி, போயி என்ன செய்வ?"

"வாளையாரு ஹைவேல ஒரு மெஸ் போடறனுங்க. எங்கூட்டுக்காரரு சொல்லுவாருங்க, லாரி லைன்ல நிக்கறப்ப ஒழுங்கா ஒரு சோறு கெடைக்கறதில்லைன்னு."

"மெஸ்ஸா? அதுல யாருக்கு என்ன நல்லது?"

கேட்ட பிறகுதான் என் வாய் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்கே கேட்டது. அவள் கோபப்படவில்லை. அந்த ஊர்த் தமிழில் கோபத்துக்கும் 'ங்க' போட்டுத்தான் தருவார்கள். வாங்குகிறவனுக்கு இரண்டு மடங்கு வலிக்கும்.

"சோறுங்க்கா. பசிக்கறவன் திம்பான், காசு குடுப்பான், போயிருவான். அவங்கிட்ட எங்கூட்டுக்காரரு செத்த கதையச் சொல்ல வேண்டீதில்லீங்க. இங்க ஒரு நாளைக்குச் சிரிச்ச மூஞ்சியா இருந்தாக்கூட, அழுவற மூஞ்சியாட்ட வெச்சுக்கோணும். ஆரோ வர்றாங்கன்னு. நீங்க கென்யா போனீங்க, பங்களாதேசு போனீங்க. உங்கள ஆராச்சும் இரு இருன்னு கட்டி வெச்சாங்களா?"

இல்லை. ஒருத்தரும் கட்டி வைக்கவில்லை. நைரோபியில் கேக் வெட்டி அனுப்பினார்கள்.

யோசித்துப் பாருங்கள். பணம் போட்டவருக்கு எக்ஸிட் உண்டு. கிளேருக்கு உண்டு. எனக்கு உண்டு, பேங்க்கை விட்டேன், இரண்டு நாட்டை விட்டேன், எல்லோரும் அதை அனுபவம் என்று பாராட்டினார்கள். 'மேலே தூக்கிவிடப்பட்ட' பெண்ணுக்கு மட்டும் அது கிடையாதாம். அவள் கிளம்பினால் ஐயோ, அந்த ஏழைப் பெண்களைக் கைவிட்டுவிட்டாளே! ஒரு தடவை நல்லது செய்தவள் சாகிற வரை நல்லவளாகவே நிற்க வேண்டும், கையில் கேனோடு. என்ன நியாயம் இது? லாபத்துக்காக மட்டும் கடை வைத்தவனைப் பார்த்து, நீ ஏன் மூடினாய் என்று எவனாவது கேட்கிறானா?

வெளியே வந்தேன். காரில் ஒத்திகை பார்த்ததெல்லாம் வீண். கிளேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போர் அடிக்கிறது என்பதையும் சேர்த்து. அந்த நிபந்தனை இருந்தால் இந்த விற்பனையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன்.

கிளேர் சண்டை போடவில்லை. "என்னை ஐந்து வருஷம் லிப்ஸ்டிக் கம்பெனியில் கட்டி வைத்திருந்தால் செத்திருப்பேன்" என்றார். அவ்வளவுதான். கோபத்தோடு நான் அப்படியே நின்றேன், இறக்கி வைக்க இடமில்லாமல்.

இடம் கோயம்புத்தூரில் கிடைத்தது. வாங்க வந்த கம்பெனியின் ஆள் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டான்: "மேடம், அவங்க இல்லைன்னா நாங்க எதைத்தான் வாங்கறதுங்க?"

"பால் வாங்குங்க" என்றேன். "நீங்க பால் கம்பெனிதானே?"

அவனுக்குப் பிடிக்கவில்லை. விலையைக் குறைத்தார்கள். என் ஃபண்டில் பணம் போட்ட இன்னும் சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். இழுத்தடித்தார்கள், பல மாதம் போனது. இடையில் இரண்டு தடவை மகேஸ்வரியே, "உடுங்க்கா, இருந்து தொலைக்கறேன்" என்றாள். நான் விடவில்லை. என்னிடம் பிடிவாதத்தைத் தவிர வேறு திறமை இல்லை.

நிபந்தனை போயிற்று. ராதாமணி மேனேஜர் ஆனாள். சாயங்காலப் பாலைத் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்திருக்கிறேன். இப்போது எடுக்கிறார்கள். எத்தனை நாள் எடுப்பார்கள்? தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பயம் மகேஸ்வரி இருந்தாலும் இருந்திருக்கும். ஆனால் ராத்தூக்கம் அவளுடையது கெட்டிருக்கும். இப்போது என்னுடையது கெடுகிறது. கெடட்டும், இது என் தொழில்.

முந்தாநாள் வாளையாரில் அந்த மெஸ்ஸுக்குப் போனேன். தகரக் கூரை. வாசலில் லாரிகள். உள்ளே லுங்கியும் வியர்வையுமாக டிரைவர்கள். ஒருத்தரும் தலை நிமிரவில்லை. சாப்பாடு அப்படி.

மகேஸ்வரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாய்விட்டு. இத்தனை வருஷத்தில் அவள் பல்வரிசையை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இலையில் உட்கார்ந்தேன். புத்தி சும்மா இருக்குமா?

"பொம்பளைங்க எத்தனை பேரு வேலை பாக்காங்க?"

"ஒருத்தருமில்லீங்க. மாஸ்டரும் ஆம்பள, சப்ளையரும் ஆம்பள. பொம்பளையாளு நான் ஒருத்திதானுங்க, மொதலாளி."

"கூரைல சோலார் கீலார்..."

"அக்கா. சோறு ஆறுதுங்க. தின்னுங்க மொதல்ல." பிறகு குனிந்து காதோடு சொன்னாள். "போறப்ப காசு அங்க கல்லாவுல குடுத்துருங்க. இங்க ஆருக்கும் ஓசி இல்லீங்க, லண்டன்ல இருந்து வந்தாலும்."

கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அவளிடம் கேட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்தேன். கையில் வாளி, பின்னால் லாரி, முகம் முழுக்கச் சிரிப்பு. லண்டனில் கேட்டார்களே, கிளேர் இல்லை, ஆண்டறிக்கை போடுகிறவர்கள், அவர்களுக்கு இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை.

இன்று காலை பதில் வந்துவிட்டது. படம் அருமையாம். ஒரே ஒரு சந்தேகமாம். வாளியில் இருப்பது பால்தானே?

இல்லை. முருங்கைக்காய் சாம்பார்.